இடக்கைக்கு ஒரு துவக்கு

பாலேந்திராவுக்கும் எல்லோரையும் போல இரண்டு கைதான். ஆனால் வேலைப் பிரிவினை வேறு. வலது கை ஊருக்கு, இடது கை உழைப்புக்கு.

மோர்டனில் இருந்துகொண்டு லண்டன் முழுக்கத் தமிழ்க் கடைகளின் இரும்பு ஷட்டர்களைப் பழுதுபார்க்கிறவர் அவர். வயது ஐம்பத்தேழு. சிக்கிக்கொண்ட ஷட்டரை நெம்புவதும் சுவரில் துளை போடுவதும் இடது கையின் வேலை. எல்லாம் முடிந்து கடைக்காரரிடம் சாவியைக் கொடுக்கும் நேரத்தில் மட்டும், அதுவரை சும்மா கிடந்த வலது கை பெரிய மனிதர் மாதிரி முன்னுக்கு வரும். சாப்பாடு, கையெழுத்து, திருநீறு, கைகுலுக்கல் எல்லாம் அதற்குத்தான். பாடுபடுவது ஒருவர், பந்திக்கு முந்துவது இன்னொருவர்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மர அடிமட்டத்தால் விரல்மூட்டில் அடி வாங்கி வாங்கி வந்தது. அப்படியும் ஒரு தரம் பிசகிவிட்டது. லண்டனுக்கு வருமுன், 1994இல் ஜெர்மனியில், டோட்முண்ட் நகரத்து மண்டபம் ஒன்றில் அவருக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கூறைச்சேலை கொடுக்கும் கட்டம். இரவல் தலைப்பாகை ஒரு சுற்றுப் பெரிது. சரிந்த தலைப்பாகையை வலது கையால் பிடித்துக்கொண்டு, சேலைத் தட்டத்தை இடது கையால் நீட்டிவிட்டார் மாப்பிள்ளை. மண்டபமே 'ஐயோ' என்றது. குனிந்த தலை நிமிராமல் இருந்த ஜெயகௌரி தட்டத்தை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் கை மாற்றிய பிறகுதான் வாங்கினாள். வீடியோவில் அந்தக் காட்சி இன்றைக்கும் இருக்கிறது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அதையும் போட்டுக் காட்டித்தான் தேத்தண்ணி கொடுப்பார்கள்.

ஆகவே தன் இடது கையை ஒருவர் மெச்சுவார் என்று பாலேந்திரா கனவிலும் நினைத்ததில்லை. இந்த வருடம் பங்குனியில் அது நடந்தது. ஒரு சமூக மண்டபத்தின் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். அந்த மண்டபத்தின் பின்பக்கத்தில் புதன்கிழமைகளில் காற்றுத் துவக்குச் சங்கம் ஒன்று கூடும். பத்து மீற்றர் தள்ளி ஒரு அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம், காற்றழுத்தத்தில் பறக்கும் மிளகளவு ஈயக் குண்டு. சங்கத்தின் செயலாளர் லெஸ்லி என்ற வெள்ளைக்கார அம்மா. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தெட்டு, உயரம் ஐந்தடிக்கும் கீழே, குரல் மட்டும் இரட்டைமாடி பஸ்.

ஷட்டர் ஏறி இறங்கிய சந்தோஷத்தில் லெஸ்லி, "நீங்களும் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்களேன்" என்றார். துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் சும்மா கிடைப்பதை வேண்டாமென்று சொல்லியும் அவருக்குப் பழக்கமில்லை.

மேசையில் இருந்த காற்றுக் கைத்துவக்கு வலக்கைக்காரருக்கென்று செய்தது. மரப்பிடியில் பெருவிரலுக்கு ஒரு பள்ளம், உள்ளங்கையைத் தாங்க ஒரு தட்டு. அதை அவர் இடது கையில் பிடித்தால் பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் மேடு. வலக்கால் சப்பாத்தை இடக்காலில் போட்டது மாதிரி. அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து சுட்டார். அட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து துளையையும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம்.

லெஸ்லி அட்டையைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். "பிழையான பிடியில் இப்படியா? நல்ல கை இது. மிக நல்ல கை."

வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்ற இடமெல்லாம் பாலேந்திரா இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பத்தேழு வருடத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ். சொன்னால் வெட்கம், கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் பச்சை விளக்கைக் கண்டார்.

வீட்டில் செய்தி சொன்னதும் ஜெயகௌரி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"துவக்கோ? ஊரிலை வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழை படுத்த மனிசன், இஞ்சை வந்து துவக்குப் பழகப் போறாரோ? இந்த நாட்டிலை கைத்துவக்கு வைச்சிருந்தால் மறியலிலை போடுவாங்கள், தெரியுமோ?"

"இது காத்துத் துவக்கப்பா. லைசென்ஸ் தேவையில்லை. வளந்த ஆக்கள் ஆரும் வைச்சிருக்கலாம்."

"வளந்த ஆக்களுக்கெண்டால் உங்களை என்னெண்டு சேக்கினம்?"

மகள் ஜதுர்ஷிகா போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, சில் பண்ணுங்கோ. இது ஒலிம்பிக்ஸிலயே இருக்கு" என்றாள். ஜெயகௌரி அகப்பையை மறுபடி எடுத்தாள். அது சம்மதம் இல்லை, பருப்பு அடிப்பிடித்துவிடும் என்ற பயம்.

சங்கத்தின் விதி இது: முதல் மூன்று மாதம் தற்காலிக உறுப்பினர். அதன் முடிவில் பாதுகாப்புத் தேர்வு. தேறினால் நிரந்தர உறுப்பினர் அட்டை, தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அட்டை பாலேந்திராவுக்கு வேண்டும். ஷட்டர் வேலைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் இந்த உலகத்தில் தன் இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு தலைநிமிர்ந்து நிற்க அவருக்கு வாய்த்த ஒரே இடம் அந்தப் பின்பக்கத்து அறைதான்.

சொந்தமாக ஒரு துவக்கு வாங்குங்கள், இரவல் பிடியில் கை கெட்டுப்போகும் என்றார் லெஸ்லி. அதற்கு முன்பு கண்ணையும் சோதிக்க வேண்டுமாம். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையில் சின்ன ஓட்டை விட்டு, அதற்குள்ளால் மின்குமிழைப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது குமிழ் காணாமல் போகிறதோ, அதுவே குறி பார்க்கிற கண். குசினியில் அடுப்புப் பக்கம் நின்று செய்து பார்த்தார். வலக்கண்ணை மூடியதும் குமிழ் போய்விட்டது. சுடுகிற கை இடது, பார்க்கிற கண் வலது.

"கையும் கண்ணும் கதை பேச்சில்லாத குடும்பம்" என்றாள் ஜெயகௌரி.

அதற்கும் மருந்து இருந்தது. தொப்பி விளிம்பிலிருந்து ஒரு சின்ன அட்டையைத் தொங்கவிட்டு வலக்கண்ணை மறைத்தால் இடக்கண் வேலைக்கு வந்துவிடும். லண்டன் தமிழர் வீட்டில் தடித்த அட்டைக்குப் பஞ்சமா? போன மாதம் வந்த கல்யாணக் கார்டை வெட்டினார். அன்றிலிருந்து அவர் குறி பார்க்கும்போதெல்லாம் ஒரு மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய பட்டங்களும் வலக்கண்ணுக்கு நேரே தொங்கின.

துவக்குக் கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் மேசையில் மூன்றை வைத்தார். முதலாவது புத்தம் புதியது, கண்ணைப் பறிக்கிற அழகு, பிடி வலக்கைப் பிடி. இடக்கைப் பிடி வேண்டுமென்றால் சொல்லிவைக்க வேண்டும், வர ஐந்து மாதம். தேர்வோ அதற்கு முன்பே முடிந்துவிடும். இரண்டாவது, இரண்டு கைக்கும் பொதுவான பிடி. எல்லோருக்கும் நல்லவன் மாதிரி, ஒருவருக்கும் உதவாது. அது வழுக்கியது. போதாக்குறைக்குக் குண்டு போடும் பக்கம் இடப்புறம். இடது கையில் துவக்கைப் பிடித்தால், வலது கை வேலி பாய்ந்து மேலால் வந்துதான் குண்டு போட வேண்டும்.

மூன்றாவது பழையது. இடக்கைக்காரரான பல்வைத்தியர் ஒருவர் வைத்திருந்து விற்றது. பல்வைத்தியரின் கை மெல்லிய கை, ஷட்டர் நெம்புகிற கைக்கு இறுக்கம்தான். ஆனாலும் பாலேந்திரா பிடித்தபோது பெருவிரல் நேரே போய்ப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. கத்தரிக்கோல், தகரம் வெட்டி, ஷட்டர்ச் சங்கிலி எல்லாமே வலக்கைக்காரருக்காகச் செய்த உலகத்தில், இந்தக் கைக்கென்று ஒருவன் எங்கேயோ இருந்து மரம் கடைந்திருக்கிறான்.

"இதுதான்" என்றார். விலையைக் கேட்கவே இல்லை. அப்பா விலை கேட்காமல் ஒரு பொருளை வாங்கினார் என்பதை ஜதுர்ஷிகா இன்னும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பிடியின் இறுக்கத்தை அரத்தால் இழைத்து, மண்கடதாசியால் தேய்த்து, தன் கைக்கு அளவாக்கினார். துவக்கு பூட்டிய பெட்டிக்குள்ளும் பெட்டி பூட்டிய அலுமாரிக்குள்ளும் போனது. புதன்தோறும் புள்ளிகள் ஏறின. எல்லாம் நன்றாகத்தான் போனது, சித்திரை மாதத்து ஒரு புதன்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு அவர் சுட்டு முடித்த நேரம் லெஸ்லி பக்கத்தில் வந்து, "பிடியை இழைத்தீர்களாமே" என்று ஆசையாகக் கையைக் காட்டினார். அந்தக் கையைக் கண்டதும் பாலேந்திராவின் ஐம்பத்தேழு வருட வளர்ப்பு எழுந்து நின்றது. வயதில் மூத்த அம்மாவுக்கு இடது கையால் கொடுப்பதா? துவக்கு இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது. உடம்பு பணிவாகத் திரும்பியது. இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டது. கோயிலில் ஐயருக்குத் தட்டம் கொடுப்பது போல, இரண்டு அங்குலம் குனிந்து நீட்டினார்.

துவக்கின் வாய் அந்தத் திருப்பத்தில் அறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தது. தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்தது, வாயில் கேக்கோடு நின்ற பொருளாளரைப் பார்த்தது, கடைசியில் லெஸ்லியின் கம்பளிச் சட்டையின் மூன்றாவது பொத்தானில் வந்து நின்றது. பொருளாளர் கேக்கோடு நிலத்தில் படுத்துவிட்டார்.

"பால்," என்றார் லெஸ்லி, பாலேந்திராவை எப்போதும் போலச் சுருக்கி, மெதுவாக, "மேசையில் வையுங்கள்."

உள்ளே குண்டு இல்லைதான். ஆனால் துவக்குக்காரரின் வேதத்தில் குண்டில்லாத துவக்கு என்று ஒன்று கிடையாது. துவக்கை ஒருபோதும் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. வாய் இலக்கைப் பார்க்க மேசையில் வைத்து, திறந்து, காலி என்பதற்கு அடையாளமாகச் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கம்பியைக் குழாயில் செருகி, "கிளியர்" என்று சொல்லி ஒரு அடி பின்னால் நிற்க வேண்டும். வேண்டியவர் தானாக எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் பாலேந்திரா மனப்பாடமாகச் சொன்னார். அடுத்த புதன் லெஸ்லி சோதித்துப் பார்க்கக் கையை நீட்டினார். மனப்பாடம் ஒரு பக்கம் நிற்க, கை மாறி, உடம்பு குனிந்து, துவக்கின் வாய் மறுபடி அறையைச் சுற்றியது. பொருளாளர் இந்த முறை கேக்கை மேசையில் வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

"இரண்டு எச்சரிக்கை" என்றார் லெஸ்லி. அவருக்கும் கவலைதான். "தேர்வில் மூன்றாவது தரம் நடந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

அன்றிரவு வீட்டில் பாலேந்திரா சாப்பிடாமல் துவக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விஷயத்தைக் கேட்ட ஜெயகௌரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சனியன் தொலைந்தது என்று சாமிக்குத் தேங்காய் உடைத்திருக்கலாம். ஆனால் மனிசனுடைய முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"ஏனப்பா, நேரே இடக்கையாலை குடுத்தால் என்ன?"

"அதுவும் பிழைதான். கையிலையே குடுக்கேலாது. ஆனால் அவ கையை நீட்டினால் எனக்கு எல்லாம் மறந்துபோகுது. கை தன்ரை பாட்டிலை மாறுது கௌரி. நான் என்ன செய்ய?"

ஜெயகௌரி மேசையிலிருந்த உப்புப் போத்தலைக் காட்டி, "அதை ஒருக்கா எடுங்கோ" என்று கையை நீட்டினாள். பாலேந்திரா போத்தலை எடுத்து, அவளுடைய கையைத் தாண்டி, அவளுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"ஏன் கையிலை தரேல்லை?"

"உப்பைக் கையிலை தாறதே? சண்டை வருமெல்லோ."

"முப்பத்தொரு வருசத்திலை ஒருக்காலெண்டாலும் கையிலை தந்தனீங்களோ?"

"இல்லை."

"செத்தல் மிளகாய்?"

"அதுவும் இல்லை."

"அப்ப துவக்கு மட்டும் என்ன, பூவோ? உப்பைக் கையிலை தந்தாலே சண்டை எண்டால், துவக்கைக் கையிலை தந்தால் என்ன வரும்? அந்த மனிசி சொல்லுறதைத்தானே எங்கடை ஆக்களும் சொன்னவை."

பாலேந்திரா உப்புப் போத்தலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் பயிற்சி. நினையாத நேரத்தில் ஜெயகௌரி கையை நீட்டுவாள். அவர் கையில் எது இருந்தாலும், ரிமோட்டோ ஸ்குரூட்ரைவரோ வாழைப்பழமோ, உடனே கீழே வைத்து, சுவர்ப் பக்கம் திருப்பி, "கிளியர்" சொல்லிப் பின்னால் நிற்க வேண்டும். ஜதுர்ஷிகாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு கிழமையில் அந்த வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றையும் கையில் கொடுப்பதில்லை என்றாகிவிட்டது.

ஆனால் பழக்கம் வீட்டோடு நிற்குமா? ஹரோவில் சந்திரகுமார் அண்ணைக்கு அறுபதாம் கல்யாணம். டோட்முண்ட் காலத்திலிருந்து பழகியவர். பாலேந்திரா பட்டுத்துணி சுற்றிய குத்துவிளக்கோடு மேடையேறினார். அண்ணை முகமெல்லாம் பல்லாகக் கையை நீட்டினார். அவ்வளவுதான். பாலேந்திரா குத்துவிளக்கை மேடையில் படுக்கவைத்து, நுனியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, "கிளியர்!" என்று உரக்கச் சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் காட்டியபடி ஒரு அடி பின்னால் நின்றார்.

நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டார்.

"என்ன தம்பி," என்றார் சந்திரகுமார் அண்ணை, முகம் கறுத்து. "எங்களோடை ஏதும் கோவமோ? கையிலை தர மனமில்லையோ?"

ஜெயகௌரி ஓடிவந்தாள். "இல்லை அண்ணை, அவருக்கு இடுப்பு பிடிச்சுப்போச்சு. பாரம் தூக்கேலாமல் வைச்சிட்டார்."

அந்தப் பொய்யைக் காப்பாற்ற, விழா முடியும்வரை பாலேந்திரா கூனிக்கொண்டே நடந்து, கூனிக்கொண்டே சாப்பிட்டு, கூனிக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார். வரும்போது காருக்குள் உண்மையிலேயே இடுப்பு பிடித்துவிட்டது.

ஆனியில் தேர்வு. "நான் வந்து நிண்டால்தான் உங்களுக்கு உப்பு ஞாபகம் வரும்" என்று ஜெயகௌரியும் கூட வந்தாள். பார்வையாளர் கதிரையில் கைப்பையை மடியில் வைத்து, கோயிலில் இருப்பது போல இருந்தாள். துவக்குச் சங்கத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தரம். மனிசன் இடது கையை நேரே நீட்டி, கண்ணுக்கு முன்னால் கல்யாணக் கார்டைத் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அந்தக் கை ஒரு துளியும் நடுங்கவில்லை. வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையில் வைத்துக்கொண்டு தளும்பத் தளும்ப நடக்கிற மனிசன்தானா இது என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது.

இருபது குண்டும் முடிந்தன. ஏற்று என்றபோது ஏற்றினார், நிறுத்து என்றபோது நிறுத்தினார். லெஸ்லி பேனையை மூடினார், தாள்களை மடித்தார், வாய்நிறையச் சிரித்தார். "முடிந்தது பால், அருமை. எங்கே, அந்த அழகான பிடியை ஒரு தரம் தாருங்கள்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

பாலேந்திரா துவக்கை எடுத்தார். வலது கை வயிற்றுக்கு மேலே எழும்பி வருவதை ஜெயகௌரி கண்டாள். பொருளாளரும் கண்டார், கேக்கை வைத்துவிட்டு முழங்காலை மடக்கத் தொடங்கினார். ஜெயகௌரி கூப்பிட வாயைத் திறந்து, சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவர் தானாகத்தான் செய்ய வேண்டும்.

எழும்பிய வலது கை பாதி வழியில் நின்றது. பாலேந்திரா லெஸ்லியின் வெறும் கைகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவற்றைத் தாண்டி, துவக்கை மேசையில் வைத்தார். வாய் இலக்கின் பக்கம். திறந்தார். செம்மஞ்சள் கம்பியைச் செருகினார். "கிளியர்" என்று சொல்லி ஒரு அடி பின்னால் போனார். வேர்த்துக் கொட்டியது.

"கையிலை தரமாட்டன். சண்டை வரும். நீங்களே எடுங்கோ" என்றார். தமிழில் சொன்னது அவருக்கே தெரியாது.

லெஸ்லிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, விஷயம் விளங்கிவிட்டது. "கடைசியில் கை நீட்டுவதுதான் உண்மையான தேர்வு" என்றார். "பாதிப் பேர் அதில்தான் விழுவார்கள்." பிறகு உறுப்பினர் அட்டையை எடுத்து, கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து, "கிளியர்!" என்று சொல்லி ஒரு அடி பின்னால் நின்றார். அறை முழுக்கச் சிரித்தது. பொருளாளர் கேக்கை எடுத்தார்.

வெளியே தூறல். கார் நிறுத்தும் இடத்தில் ஜெயகௌரி, "திறப்பைத் தாங்கோ. நான் கார் ஓடுறன். நீங்கள் அந்த அட்டையைப் பாத்துக்கொண்டு சிவப்பு லைற்றிலை போயிடுவியள்" என்று கையை நீட்டினாள்.

பாலேந்திராவின் வலது கையில் துவக்குப் பெட்டி. கார்ச் சாவி இடது கையில். அவர் நின்றார். பெட்டியை ஈரத் தரையில் வைக்கக் குனிந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"கை மாத்திறன்."

பாதி குனிந்து நின்ற மனிசனை ஜெயகௌரி பார்த்தாள். உள்ளே அந்தக் கை நேரே நீண்டு நின்ற நிலை அவளுக்கு நினைவு வந்தது. டோட்முண்ட் மண்டபத்தில் தான் வாங்காமல் விட்ட தட்டமும் நினைவு வந்தது.

"கையிலை தரக்கூடாதது துவக்குத்தான்" என்றாள். "திறப்பை அந்தக் கையாலையே தாங்கோ."

பாலேந்திரா நிமிர்ந்து, இடது கையை நீட்டினார். ஜெயகௌரி வாங்கிக்கொண்டாள். யாரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை.